பழைய லெப்டொப்பில் முதலில் எதை மாற்றுவது?

விண்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 அக்டோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்தியது. அன்றிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வீட்டில் கிடக்கும் பழைய லெப்டொப்பை என்ன செய்வது? இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். களுவாஞ்சிக்குடி டீச்சருக்கான பதில் நீளமாகப் போய்விட்டது. அவருடைய நிலைமையில் இருப்பவர்கள் பலர் என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2013 இல் மகன் வாங்கித் தந்த டெல் லெப்டொப் இருக்கிறது. ஐ3 மூன்றாம் தலைமுறை, ரெம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி, விண்டோஸ் 10. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கடையில் காட்டினால், "இது சரிவராது டீச்சர், புதுசா ஒண்டு எடுங்க" என்கிறார்கள். எனக்குத் தேவை யூடியூபில் பாட்டுக் கேட்பது, கனடாவில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துக் கதைப்பது, கோயில் நிர்வாக சபைக்கு பாமினியில் கடிதம் அடிப்பது. ஓய்வூதியக் காசில் புதிது வாங்கத்தான் வேண்டுமா?
– களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம் டீச்சர். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு அந்த லெப்டொப் போதும். அதற்குள் இருக்கும் ஒரு பாகம்தான் உங்களைக் காக்க வைக்கிறது.

எந்தப் பாகம் என்பதை நீங்களே பார்க்கலாம். லெப்டொப் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். சின்னப் பெட்டியாகத் திறந்தால் கீழே "மோர் டீடெய்ல்ஸ்" என்பதை அழுத்துங்கள். மேலே சிபியூ, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். சிபியூ என்பது உங்கள் ஐ3 சில்லு. டிஸ்க் என்பதில் 100 சதவீதம் என்று நின்றுகொண்டிருக்க, சிபியூ அதில் கால்வாசியைக்கூடத் தொடாமல் இருந்தால், குற்றம் ஐ3 மீது இல்லை. ஹார்ட் டிஸ்க் மீதுதான்.

இந்த வகை லெப்டொப்புகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும் டிஸ்க்கைத்தான் போட்டார்கள். அதற்குள் ஒரு முள் அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். கேட்ட இடம் சுற்றி வந்து முள்ளுக்குக் கீழே சேர்வதற்கே சராசரியாக ஐந்தரை மில்லிசெக்கன் போகிறது. முள் நகரும் நேரம் வேறு. இதனால் ஒரு செக்கனுக்கு நூறு சின்னக் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸ் 10 எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. கச்சேரி என்ற மாவட்டச் செயலகத்தின் பதிவறையில் ஒரே ஒரு பியோனை நிறுத்திவிட்டு எல்லாக் கிளையில் இருந்தும் ஒரே நேரத்தில் கோவை கேட்பது போன்ற நிலைமை அது. மேசையில் இருக்கும் உத்தியோகத்தரை எவ்வளவு கெட்டிக்காரராக மாற்றினாலும் கோவை வந்தால்தானே வேலை நடக்கும்?

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கோ நகர்வதற்கோ எதுவும் இல்லை. அதே வேலையைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். ஆகவே முதல் செலவு எஸ்எஸ்டிக்கே. திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரெம்மைக் கூட்டினால் போதும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். ரெம் இரண்டாவது.

உங்களுக்கு 240 அல்லது 256 ஜிபி தாராளம். "சாட்டா, இரண்டரை அங்குலம்" என்று கேட்டு வாங்குங்கள். எம்.2 என்று சூயிங்கம் வடிவில் வருவது உங்கள் லெப்டொப்பில் பொருந்தாது. எஸ்எஸ்டி 7 மில்லிமீற்றர் தடிப்பு. உங்கள் பழைய டிஸ்க் 9.5 மில்லிமீற்றராக இருக்கக்கூடும். அது பிரச்சினையில்லை. பழைய டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் பூட்டினால் ஆடாமல் இருக்கும். அவசரத்தில் அந்தச் சட்டத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எஸ்எஸ்டியை வெறுமனே செருகிக் கொடுத்தவற்றை நான் நிறையத் திறந்து பார்த்திருக்கிறேன். பையில் கொண்டுபோகும்போது தொடுப்புக் கழன்று, "டிஸ்க் இல்லை" என்று திரையில் வரும். பிறகு எஸ்எஸ்டி பழுது என்று இன்னொன்று விற்பார்கள். அதனால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பொருள் உங்களுடையது.

பக்கத்தில் நின்றால் நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். முதலில் பற்றரியைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு சுவிட்சைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் போய்விடும். அந்தக் காலத்து லெப்டொப்புகள் பலவற்றில் அடிப்பக்கம் தனி மூடி இருக்கும். அதைக் கழற்றினால் டிஸ்க்கும் ரெம்மும் கண்ணுக்கு முன்னால். டிஸ்க்கை மேலே தூக்கக் கூடாது. பக்கவாட்டில் இழுத்துத் தொடுப்பிலிருந்து விடுவித்த பிறகே தூக்க வேண்டும். தூக்கினால் தொடுப்பின் பிளாஸ்டிக் நாக்கு உடையும். உடைந்தால் எல்லாப் பாகமும் பூட்டியிருக்கும் மதர்போர்ட்டில் கைவைக்க வேண்டி வரும்.

அப்புறம் ரெம். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் 4 ஜிபியை 8 ஆக்குங்கள். யூடியூப், மெயில், கடிதம் மூன்றையும் ஒன்றாகத் திறந்து வைத்திருக்க அது உதவும். உங்கள் தலைமுறைக்கு டிடிஆர்3. கடையில் "டிடிஆர்3எல்" என்று கேளுங்கள். அது 1.35 வோல்ட்டிலும் பழைய 1.5 வோல்ட்டிலும் ஓடும், ஆகவே இரண்டு விதமான லெப்டொப்புக்கும் சரிவரும். நான்காம் தலைமுறை வைத்திருக்கும் வாசகர்கள் எல் இல்லாததை வாங்கினால் லெப்டொப் எழும்பாமலே போகலாம். டிடிஆர்4 இன் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது, பலவந்தமாக அழுத்தினால்தான் உள்ளே போகும். பலவந்தம் தேவைப்பட்டால் பாகம் பிழை என்று அர்த்தம்.

இன்னொன்று. உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு ரெம் போட்டாலும் அது தொடாது. 64 பிட்டைப் புதிதாக ஏற்ற வேண்டும்.

எந்த மென்பொருளை ஏற்றுவது என்பதுதான் இப்போது கடினமான பகுதி. விண்டோஸ் 11 இற்கு மைக்ரோசொஃப்ட் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்தது. உங்களுடையது மூன்றாம் தலைமுறை. சுற்றுவழியில் ஏற்றித் தருகிறோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். ஏற்றலாம்தான். ஆனால் அப்படி ஏற்றியவற்றுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஒருநாள் காலையில் வேலை செய்யாமல் போனால் நீங்கள் யாரைத் தேடிப் போவீர்கள்? உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

விண்டோஸ் 10 இலேயே இருக்க விரும்பினால், பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்றுக்குள் நுழைந்து, செட்டிங்ஸை மேகச் சேமிப்பில் வைக்கச் சம்மதித்தால் காசு கட்டாமலே பதியலாம். உங்கள் விண்டோஸ் 10, 22எச்2 என்ற பதிப்பாக இருக்க வேண்டும். உங்கள் பழைய விண்டோஸ் முறையாகச் செயற்படுத்தப்பட்டது (ஆக்டிவேட்) என்றால், எஸ்எஸ்டியில் புதிதாக ஏற்றியதும் இணையத்தில் தானாகவே செயற்படும். அந்த அனுமதி மதர்போர்ட்டோடு பிணைந்தது, டிஸ்க்கோடு அல்ல. திரும்ப லைசன்ஸ் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றும் லினக்ஸ் மின்ட். விலையில்லை. அதன் 22 ஆம் பதிப்பு 2024 இல் வந்தது, 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற வகை பழைய லெப்டொப்புக்கு இலேசு. திரையும் கீழே பட்டி, இடப்பக்க மூலையில் மெனு என்று விண்டோஸ் மாதிரியே இருக்கும். ஏற்றுவதற்கு முன் பென் ட்ரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமரா தெரிகிறதா என்று ஒரு பின்னேரம் பாவித்துப் பாருங்கள். மகளோடு கதைக்க ஜூம், கூகுள் மீட் இரண்டும் அதில் ஓடும். வட்ஸ்அப் வீடியோவைத் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்பு ஸ்கைப் பாவித்திருந்தால், அது 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாமினி எழுத்துருவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பழைய லெப்டொப்பின் ஃபொன்ட்ஸ் கோப்புறையில் இருந்து பாமினி கோப்பைப் பிரதி எடுத்து மின்ட்டில் போட்டால், கடிதம் அடிக்கும் லிப்ரே ஒஃபிஸ் மென்பொருளில் உங்கள் பழைய கடிதங்கள் திறக்கும். கைப்பழக்கமும் மாறாது. அந்தக் கோப்பை மறந்துவிட்டால்தான் கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், "எல்லாம் அழிந்துவிட்டது" என்று மனம் உடைந்துபோவீர்கள். அழிந்திருக்காது. எழுத்துரு மட்டும்தான் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், மனதில் நிற்கட்டும் என்று. யாரிடம் கொடுப்பதற்கும் முன்னால் படங்களையும் கடிதங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். மகனின் பட்டமளிப்புப் படம் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

கேள்வி: நானா, நான் உயர்தரம் படிக்கிறேன். மாமா கட்டாரில் இருந்து கொண்டுவந்த சின்ன லெப்டொப் இருக்கு. செலரோன், ரெம் 2 ஜிபி, ஸ்டோரேஜ் 32 ஜிபி. அப்டேட் ஏறவே இடமில்லை என்று சொல்லுது. எஸ்எஸ்டியும் ரெம்மும் போட்டால் வேகமாகுமா?
– அக்கரைப்பற்று

பதில்: தம்பி, அநேகமாக முடியாது. 32 ஜிபி என்று வருவது இஎம்எம்சி என்ற நினைவகம். அது மதர்போர்ட்டில் ஈயம் வைத்து ஒட்டியது. அந்த ரகத்தில் ரெம்மும் பெரும்பாலும் அப்படியே. கழற்ற ஒன்றும் இருக்காது. அடியில் ஒட்டியிருக்கும் மொடல் எண்ணை இணையத்தில் தேடி, எம்.2 இடம் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார். இல்லையென்றால் ஒரு ரூபாயும் செலவழிக்காதே.

அதற்காக மூலையில் வைக்கவும் வேண்டாம். மின்ட் ஏறுவதற்கு ஆகக்குறைந்தது 2 ஜிபி ரெம்மும் 20 ஜிபி இடமும் போதும். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று பழகினால் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் இருந்து பாடங்களை எடுத்து வாசிக்க, குறிப்பு அடிக்க உதவும். கோப்புகளை மெமரி கார்டில் வை.

காசு சேர்க்கிறாய் என்றால், பாவித்த அலுவலக லெப்டொப் ஒன்றுக்குச் சேர். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லட்டிடியூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5 போன்றவை. இந்த மூன்றிலும் ரெம்முக்கு இரண்டு இடம் உண்டு, டிஸ்க்கும் மாற்றலாம். வாங்கும்போது "ஐ5" என்று ஸ்டிக்கரில் இருப்பதை மட்டும் நம்பாதே. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்: 8250யூ, 8350யூ போல 8 இல் தொடங்கினால்தான் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 முறையாக ஏறும். இதே மொடல்களில் 7 இல் தொடங்குவதும் சந்தையில் இருக்கிறது. வெளியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பல்கலைக்கழகம் போகும்போதும் அது உன்னோடு வரும்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையோரம். லெப்டொப் அரை மணித்தியாலம் ஓடினால் கொதித்துத் தானாக நின்றுவிடுகிறது. விசிறி மோட்டார் சைக்கிள் மாதிரி இரைகிறது. இதைவிட, ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடுகிறது. கூகுள்கூடத் திறக்க மறுக்கிறது. புதிய மதர்போர்ட் போட வேண்டும் என்கிறார்கள்.
– திருக்கோவில்

பதில்: மதர்போர்ட்டுக்குப் போக முன்னர் இரண்டு சின்ன வேலைகளைச் செய்து பாருங்கள்.

திகதி பின்னுக்குப் போவது சிஆர்2032 என்ற காசு வடிவப் பற்றரி தீர்ந்ததால். 3 வோல்ட், மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். சில லெப்டொப்புகளில் அது வயரோடு வரும், அப்போது அதே மாதிரித்தான் வாங்க வேண்டும். திகதி பிழையென்றால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்று உலாவி நினைத்துக்கொண்டு தளத்தைத் திறக்காது. உங்கள் கூகுள் திறக்காததற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

சூடு தூசியால் வருவது. நானும் கல்லடியில் கடல் காற்றில்தான் இந்தத் தொழிலைச் செய்கிறேன், ஆகவே உங்கள் லெப்டொப்புக்குள் என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்லலாம். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் தடித்த துணி மாதிரி ஒன்று படிந்திருக்கும். வீட்டுத் தூசி, பூனை முடி, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வரும் நுண்மணல், எல்லாம் உப்பு ஈரத்தில் ஊறி இறுகியது. வெளியில் இருந்து ஊதினால் அது போகாது. விசிறியைக் கழற்றி, அந்தத் துண்டை முழுதாக உரித்து எடுக்க வேண்டும். புளோவர் பாவித்தால் விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுக்கடங்காமல் சுற்றவிட்டால் அதன் அச்சுக் கெடும். கழற்றிய கையோடு புரோசசருக்கு மேலுள்ள காய்ந்த பசையைத் துடைத்துப் புதிய தேர்மல் பேஸ்ட் ஒரு பயறளவு வைத்தால் போதும்.

ரெம்மையும் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பாருங்கள். கடற்கரை வீடுகளில் அவற்றின் மேல் மங்கலாக ஒரு படலமும், சில இடத்தில் பச்சைப் புள்ளியும் இருக்கும். ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டுப் பூட்டுங்கள். "எழும்பவே இல்லை" என்று கொண்டுவரும் லெப்டொப்புகள் சில, இதைச் செய்ததும் எழும்புகின்றன.

மாரி காலத்தில் லெப்டொப்பை அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். இடைக்கிடை ஒரு மணித்தியாலமாவது ஓட விடுங்கள். அதன் சூட்டிலேயே ஈரம் போகும். மெத்தையில் வைத்து ஓட்ட வேண்டாம், அடியில் காற்று போகும் துளைகள் அடைபடும்.

கேள்வி: லெப்டொப்பின் டச்பேட் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி நிற்கிறது. மூடியும் சரியாக மூடவில்லை. அழுத்தினால் உள்ளே போகிறது. ஸ்குரூவை இறுக்கினால் சரியாகுமா?
– வாழைச்சேனை

பதில்: இறுக்க வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். உள்ளே பற்றரி வீங்கியிருக்கிறது. இதை வாசித்ததும் சார்ஜரைக் கழற்றி, லெப்டொப்பை நிறுத்தி, தீப்பற்றாத தரையில் வையுங்கள். பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றை வெளியேற்றலாம் என்று ஊசியால் குத்தினால் தீப்பிடிக்கும். திருத்துபவரிடம் பற்றரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பல லெப்டொப்புகள் பற்றரி இல்லாமலும் சார்ஜரில் ஓடும், கரண்ட் போனால் மட்டும் உடனே நின்றுவிடும். கழற்றிய பற்றரியை வீட்டுக் குப்பையோடு போடவோ எரிக்கவோ கூடாது. பழைய மின்சாதனம் எடுக்கும் இடத்தில் "வீங்கிய பற்றரி" என்று சொல்லியே கொடுங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியபடி எஸ்எஸ்டி போட்டேன், நல்ல வேகம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடைக்காரர் தனக்குத் தரச் சொல்கிறார். குடும்பப் படங்கள், கல்யாணப் படங்கள் எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் டிலீட் பண்ணி, ரீசைக்கிள் பின்னையும் வெறுமையாக்கிவிட்டேன். கொடுக்கலாமா?
– ஏறாவூர்

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. டிலீட் செய்யும்போது படம் அழிவதில்லை. அந்த இடம் இனிமேல் வெறுமை என்று குறித்துவைப்பது மட்டும்தான் நடக்கிறது. வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும்வரை, இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றால் யாரும் அவற்றை எடுக்கலாம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். டிஸ்க் அவர் கையோடு நிற்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டரை அங்குல டிஸ்க்குக்கான யுஎஸ்பி 3.0 கேசிங் ஒன்று வாங்குங்கள். டிஸ்க்கை அதற்குள் செருகினால் வெளி ஹார்ட் டிஸ்க் தயார். உங்கள் படங்களின் இரண்டாவது பிரதியை அதில் வைக்கலாம். அதற்கு முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். நீலத்தில் "குட்" என்று இருந்தால் பாவியுங்கள். மஞ்சளில் "கோஷன்" என்று வந்தால் அதில் புதிதாக எதையும் வைக்க வேண்டாம்.

கட்டாயம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கேசிங்கில் போட்டு விண்டோஸில் ஃபோர்மட் செய்யுங்கள். அந்தப் பெட்டியில் "குயிக் ஃபோர்மட்" என்பதன் முன்னால் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் டிஸ்க் முழுவதும் பூச்சியம் எழுதப்படும். 500 ஜிபிக்குச் சில மணித்தியாலம் பிடிக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் முடிந்துவிட்டது என்று திரையில் வந்த பிறகு கொடுங்கள்.